பம்பரில் வேறொரு வெள்ளை

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை வாசலில் நம் காருக்கு முன்னால் உட்கார்ந்து, பெயின்ட் கரைக்கிற தின்னர் பாட்டிலைத் திறந்து மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பால் வாங்க வந்த எதிர்வீட்டு அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"கெட்டுப்போயிருச்சான்னு மோந்து பாத்தேங்க."

தின்னர் எங்கேயாவது கெட்டுப்போகுமா? அவரும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அது ஞாயிற்றுக்கிழமை காருக்குப் பெயின்ட் தொட்டுவிட்டு மத்தியானம் சாப்பிட உட்காரும்போது உங்கள் கையில் இருக்கும் வாசனை. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. "இன்னிக்குக் கொழம்புல தின்னர் தூக்கலா இருக்கு" என்பேன். நீங்கள் சிரிக்கவே மாட்டீர்கள். "அப்ப உப்பக் கொற" என்பீர்கள்.

சங்கதிக்கு வருகிறேன். உங்கள் தம்பி காரை விற்கச் சொல்கிறார். நீங்கள் போய்ச் சேர்ந்த மறுமாதமே ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. "அண்ணி, பொம்பள டாக்சி ஓட்டினா ஸ்ரீரங்கத்துல யாரு ஏறுவா? முன்பக்க பம்பரப் பாருங்க, அம்மை போட்ட மூஞ்சியாட்டம் இருக்கு. வர்ற வெலையும் போயிரும்."

யார் ஏறுவார்கள் என்று அவருக்கு என்ன தெரியும்? உத்தர வீதியில் முழங்கால் வலிக்கார மாமிகள் எல்லாரும் தில்லைநகர் டாக்டரிடம் என்னோடுதான் போகிறார்கள். மெதுவாக ஓட்டுகிறேனாம், ஊர்க்கதையும் சொல்கிறேனாம். அதனால் அந்தப் பேச்சு என்னை ஒன்றும் செய்யவில்லை. பம்பரைச் சொன்னதுதான் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. முசிறி ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனால் பொரி பொரிகிற மாதிரி கல் தெறிக்கும், உங்களுக்கே தெரியும். அங்கங்கே பெயின்ட் பெயர்ந்து பொட்டுப் பொட்டாகக் கறுப்புத் தெரிந்தது.

"நாளைக்கு வண்டி பாக்க ஆளக் கூட்டியாரேன்" என்று நேற்று போன் செய்தார். வரட்டும் என்றேன். விற்பதற்காக அல்ல. அம்மை என்று சொன்ன வாயை அடைக்க.

நீங்கள் செய்கிற மாதிரியே செய்தேன். கழுவிக் காயவிட்டு, பெயர்ந்த இடத்தின் ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் நோகாமல் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்தேன். அப்புறம் தீக்குச்சி முனையில் பெயின்ட். முன்பு நீங்கள் இப்படி உட்கார்ந்திருக்கும்போது, "இத்தனூண்டு ஓட்டைக்கு இம்புட்டு சீரா? பம்பரப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு, நானும் ஒரு குச்சியை வாங்கி ஒரே இழுப்பாக இழுத்தேன். "இழுக்காதடி, கோலமா போடுற? தொட்டு எடு" என்று கத்தினீர்கள். இன்று இழுக்கவில்லை. ஒரு தடவை தொட்டுவிட்டு உலை வைத்தேன். அது காய்ந்ததும் மறுபடி தொட்டுவிட்டுச் சோறு வடித்தேன். மேடு பள்ளம் இல்லாமல் வந்துவிட்டது.

இடது விளக்குக்குக் கீழே இருப்பதை மட்டும் நான் தொடவில்லை.

அது உங்கள் கைவேலை. "வெள்ளைன்னா எல்லாம் ஒரே வெள்ளையா? கதவோரத்துல கம்பெனி ஒட்டியிருக்கற கலர் நம்பரப் பாத்து வாங்கணும்" என்று டாக்சி ஸ்டாண்டு முழுக்க உபதேசம் செய்த மனுஷன், ஆயுத பூஜை அவசரத்தில் கைக்குக் கிடைத்த வெள்ளையை வாங்கிவந்து அப்பினீர்கள். காய்ந்ததும் பார்த்தால் கார் பால் மாதிரி இருக்கிறது, அது மட்டும் பழைய பல் மாதிரி இருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் பூஜைத் தட்டு ஆடியது. நீங்கள் அதன்மேல் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துவிட்டீர்கள். பூஜை முடிந்தும் விடவில்லை. வெள்ளிக்கு வெள்ளி அந்த இடத்துக்குப் பொட்டு. ஒரு மாமி பார்த்துவிட்டு, "பம்பருக்குக்கூடப் பொட்டு வெக்கறேளே, என்ன பக்தி!" என்று உருகினார். "எல்லாம் பெருமாள் பாத்துக்கறாருங்க மாமி" என்றீர்களே ஒரு அடக்கத்தோடு! நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்கு உங்கள் தம்பி வந்தார், முசிறிக்காரர் ஒருவரோடு. வந்தவர் குனிந்து பம்பரை ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே போனார். "நல்லாத்தானே இருக்கு, என்னமோ சொன்னீங்க?" என்று உங்கள் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். உங்கள் தம்பி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடது விளக்குக்குக் கீழே வந்ததும் முசிறிக்காரர் விரல் நின்றது.

"இது யாரும்மா அடிச்சது? வேற வெள்ளையா இருக்கே."

"எங்க வீட்டுக்காரரு" என்றேன்.

உங்கள் தம்பிக்கு உயிர் வந்துவிட்டது. "அது ஒண்ணுதானே அண்ணி? பெயின்ட் கையில இருக்குல்ல, அதச் சுரண்டிட்டு ஒழுங்கா வெச்சு விடுங்க. இன்னிக்கே பேசி முடிச்சிரலாம்."

உப்புத்தாள் என் இடுப்பில்தான் செருகியிருந்தது. ஒரு நிமிஷ வேலை.

"சுரண்ட மாட்டேன். விக்கவும் மாட்டேன்."

"ஒரு புள்ளிக்காகவா அண்ணி?"

"நாளைக்கு ஒரு மாமிக்குத் திருவெள்ளறை சவாரி ஒத்துக்கிட்டிருக்கேன். வண்டிய வித்துட்டு மாமிய நீங்க தோள்ல தூக்கிட்டுப் போறீங்களா?"

முசிறிக்காரர் சிரித்துவிட்டார். "இவங்க குடுக்க மாட்டாங்க சார், வெட்டி அலைச்சல்" என்று பஸ்ஸுக்கு நடந்தார். உங்கள் தம்பி மட்டும், "இனிமே எங்கிட்ட எதுக்கும் வராதீங்க" என்றார். "வண்டியில வரேன்" என்றேன்.

அந்தப் பொட்டை நான் இப்போது வைப்பதில்லை. எதற்கு மறைக்க? இந்தப் பம்பரில் என் கை பட்ட இடம் எது என்று யாராலும் காட்ட முடியாது. உங்கள் கை பட்ட இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. தெரியட்டும். யார் கேட்டாலும் உங்கள் மானத்தை வாங்கிச் சிரிப்பேன். யார் விலை கேட்டாலும் இல்லை என்பேன்.

உங்கள் தம்பி கோபமாகக் கிளம்பினார். ஸ்கூட்டரைத் திருப்பும்போது நம் கார் மேல் உரசிவிட்டார். காருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்கூட்டரில்தான் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. அது சிவப்பு. அந்த நிறம் என்னிடம் இல்லை.