கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

மார்ச் 3, திங்கள்

இன்று லேபில் எழுபத்திரண்டு மெழுகுக் கட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நோயாளியின் சதைத் துண்டு. முதுகு என்னுடையதாகவே இல்லை. மாலையில் அண்ணன் வந்தான். ஒரு வாய் ரொட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். "நெஞ்சுலயே நிக்குது" என்றான். பத்து வருஷமாக நெஞ்செரிச்சல் மாத்திரையை மிட்டாய் மாதிரி சப்புகிறவன். திட்டித் தீர்த்தேன்.

மார்ச் 5, புதன்

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடியிலிருந்து நான்கு துண்டு சதை எடுத்தார்கள். மாலையே புட்டி எங்கள் லேபுக்கு வந்துவிட்டது, அண்ணன் பெயரோடு.

மார்ச் 6, வியாழன்

சொந்தக்காரர் துண்டு வந்தால் பக்கத்து மேஜைக்காரியிடம் தள்ளிவிட வேண்டும். எங்கள் லேபின் எழுதாத சட்டம். தள்ளவில்லை. நானே மெழுகில் பதித்தேன். ஒவ்வொன்றும் எள்ளளவு. கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா கூப்பிட்டார். "மெழுகக்கா, இதை யாரு பதிச்சது? எல்லாம் படுத்துக் கெடக்கு."

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வது: துண்டை விளிம்பில் நிறுத்து. நின்றால்தான் அடுக்கு தெரியும். மேலே தட்டையான செல்கள், அடியில் நூல் மாதிரி ஒரு கோடு, அதற்கும் கீழே மற்றதெல்லாம். படுத்தால் வெறும் மேல் சீவல். இருபத்தோரு வருஷ வேலை — புத்தி எங்கே புல் மேயப் போனது?

"உணவுக்குழாய் செல்லு உரசலைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. வருஷக்கணக்கா அமிலம் மேல வந்து வந்து, குடல்ல இருக்கிற மாதிரி ஒசரமான செல்லா மாறியிருக்கு. அதுலயும் சிலது புத்துநோய்ப் பக்கம் கெட்டுப் போயிருக்கு. கோட்டைத் தாண்டலைன்னா உள்ளேயே சுரண்டி எடுத்துடலாம். தாண்டியிருந்தா உணவுக்குழாயையே வெட்டி எடுக்கணும்."

"என் அண்ணன்" என்றேன்.

"அப்ப ஏன் தொட்டீங்க?"

ஏன் தொட்டேன்? என் கையை விட்டால் ஆளில்லை என்ற திமிர். வேறென்ன?

மார்ச் 8, சனி

மெழுகை உருக்கி, துண்டுகளை நிறுத்திப் பதிக்க வேண்டும். ஸ்லைடுக்காகச் சீவியதில் ஒவ்வொரு துண்டிலும் பாதி போய்விட்டது. மீதியும் போனால் அண்ணனுக்கு மறுபடி குழாய். பக்கத்து மேஜைக்காரியிடமே கொடுத்தேன். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானேக்கா" என்றாள். படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று அண்ணி போன் செய்தாள். லேபில் வேலை குவிந்துவிட்டது, அதனால்தான் தாமதம் என்று சொன்னேன். பாவி நான்.

மார்ச் 10, திங்கள்

நான்கில் மூன்று தேறின. டாக்டரம்மா எழுந்து தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கோடு இருந்தது — அறுபடாமல், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. கெட்டதெல்லாம் அதற்கு மேலேயே. அங்கேயே அழுதுவிட்டேன்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் செய்த தப்பையும். "ஆனைக்கும் அடி சறுக்கும். நீ ஆனைதானே, விடு" என்றான். நாய்.

ஏப்ரல் 2, புதன்

சுரண்டி எடுத்தாயிற்று. இரண்டு நாள் கஞ்சி. கத்துகிறான்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று மாதச் சோதனை. அண்ணன் பெயரோடு புட்டி வந்தது. பக்கத்து மேஜைக்குத் தள்ளினேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மேஜையைத் துடைத்தேன், இரண்டு தடவை. மத்தியானம் அண்ணன் வாசலில் வந்து நின்று, என் டப்பாவிலிருந்த ரொட்டி முழுவதையும் தின்றான். தண்ணீர் கேட்கவில்லை.