வலது பக்கத்து உயரமானி

மார்ச் 3

பூனைக்கு,

'அன்புள்ள' என்று இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். போனில் பேசினால் மெதுவாகப் பேசிப் பேசியே என்னைச் சரிக்கட்டிவிடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன்.

உன் விசாரணை அறிக்கை வந்து சேர்ந்தது. முப்பத்தொரு பக்கம். பயிற்சிப் பள்ளியில் 'பூனை' என்று பெயர் வாங்கி, இரண்டு வருடம் என் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியவன், என்னை எல்லாப் பக்கத்திலும் 'மேற்படி கேப்டன்' என்று எழுதியிருக்கிறான். சந்தோஷம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கம் வேறு: "உயரமானி காற்றழுத்தத்தைக் கொண்டே உயரத்தைக் காட்டும். மேலே பறக்கும்போது எல்லா விமானங்களும் 1013 என்ற ஒரே எண்ணில் வைத்திருக்கும். இறங்கும்போது அந்தந்த ஊரின் அழுத்தத்துக்கு மாற்ற வேண்டும். அன்று அது 985. மாற்றாததால் உயரமானி காட்டிய உயரத்தைவிட எண்ணூறு அடி கீழே விமானம் பறந்தது." அடேயப்பா! இருபத்தாறு வருடம் ஓட்டியவனுக்கு இது தெரியாது பார்.

நவம்பரில் நடந்தது என்ன? புயல் மேகம். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கை கத்தியது, மேலே இழுத்தேன், சுற்றி வந்து இறக்கினேன். நூற்று நாற்பத்தாறு பேரும் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்கு ஆறு மாதம் தரையில் உட்கார வைத்து, பிறகு மறுதேர்வாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வலது பக்கம் உட்கார்ந்திருந்த அந்தத் துணை விமானிப் பெண்ணின் உயரமானியும் 1013-இல்தான் இருந்தது. நீயே எழுதியிருக்கிறாய். என் பக்கத்தைச் சரிபார்ப்பது அவள் வேலை. 'துணை விமானி சரிபார்க்கத் தவறினார்' என்ற வரி முதல் பக்கத்துக்கு வர வேண்டும். 28-ஆம் தேதி மேல்முறையீட்டுக் குழு கூடுகிறது. எனக்கு இன்னும் நான்கு வருடம்தான் சர்வீஸ். அதைத் தரையில் கழிக்க மாட்டேன்.

தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு என் விண்ணப்பம் மேசையில் கிடந்தபோது அதன் மேலேயே உன்னுடையதை வைத்தவன் நீ. அதற்கு நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

இடி

மார்ச் 9

அன்புள்ள இடிக்கு,

நான் அடிக்கவில்லை, பார். முதுகுவலி எப்படி இருக்கிறது? கண் கெட்டுப்போய் விமானத்தை விட்டு அலுவலக நாற்காலிக்கு வந்த எனக்கும் இப்போது அது வந்திருக்கிறது.

அறிக்கையில் திருத்தம் வேண்டும்தான். ஆனால் நீ கேட்ட திருத்தம் இல்லை.

அவள் உயரமானி முதலிலிருந்தே 1013-இல் இருக்கவில்லை. சரியான நேரத்தில் 985 வைத்தாள். பதினோரு விநாடி அப்படியே இருந்தது. பதிவுக் கருவியில் இருக்கிறது. உன் பக்கம் மாறாததைப் பார்த்து அவள் சொன்னதும் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

அவள்: "சார், உங்க பக்கம் இன்னும் ஆயிரத்துப் பதிமூணுலயே இருக்கு."

நீ: "ஏம்மா, நீ எத்தனை வருஷமா பிளேன் ஓட்டுற? நான் வச்சா வச்சதுதான். உன்னோடத சரி பண்ணு."

சரி பண்ணினாள்.

இதை நான் எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் ஆறு மாதம் இல்லை, இனி நீ கேப்டன் இருக்கையில் உட்காரவே முடியாது. 'இருவரும் மாற்றத் தவறினர்' என்று பூசி மெழுகினேன். அவள் தகுதிகாண் காலத்தில் இருந்தவள். நவம்பர் முடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள். விசாரணையில் அவளும் வாய் திறக்கவில்லை. "சார் மேல பழி போட நான் வரல" என்றாள். வயது இருபத்தேழு.

உன்
பூனை

மார்ச் 12

பூனைக்கு,

பொய். அப்படி நான் சொல்லவே இல்லை. நான் எதையும் மறக்கிறவனா? நீ மெஸ்ஸில் என் பங்கு முட்டையைத் தின்ற தேதிகூட எனக்கு நினைவிருக்கிறது.

உன் கடிதத்தை என் மனைவியிடம் காட்டினேன், அநியாயத்தைப் பார் என்று. கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். "இது நீங்க பேசினதுதான்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன காக்பிட்லயா இருந்த?" என்றேன்.

"ஹால் கடிகாரம் பத்து நிமிஷம் லேட்டுன்னு சொன்னப்போ என்ன சொன்னீங்க? 'நான் வச்சா வச்சதுதான், உன் வாட்சை மாத்திக்கோ'ன்னு. நானும் மாத்திக்கிட்டேன். அன்னைக்குத்தான் உங்க பொண்ணு பஸ்ஸைக் கோட்டை விட்டா."

சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். சிரிக்கக்கூட இல்லை. என் வீட்டிலேயே எனக்கு எதிராகச் சாட்சி தயார் செய்துவிட்டாய்.

அந்தப் பதிவை நான் கேட்க வேண்டும். எழுத்தை நம்ப மாட்டேன், அதிலும் உன் எழுத்தை.

இடி

மார்ச் 16

அன்புள்ள இடிக்கு,

கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இரண்டாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை. 20-ஆம் தேதி காலை பதினொரு மணி. பதிவைப் போட்டுக் காட்டும் பதிவாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குச் சங்கடமாக இருக்கும் என்பதால் அன்று நான் விடுப்பு.

விடுபட்டதைச் சேர்த்து ஒரு பக்கம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். இழுப்பறையில் இருக்கிறது. கேட்ட பிறகு நீயே சொல். சேர்க்கட்டுமா, வேண்டாமா? உன் இஷ்டப்படியே செய்கிறேன்.

உன்
பூனை

மார்ச் 21

பூனைக்கு,

கேட்டேன்.

என் குரல்தான். என் குரல் அவ்வளவு சலிப்போடு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஈயை விரட்டுகிற குரல். கோபம்கூட இல்லை அதில், கோபப்படும் அளவுக்குக்கூட நான் அவளை மதிக்கவில்லை.

நீ எழுதியதில் ஒன்று குறைகிறது. 'சரி பண்ணினாள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். பதிவில் அது அப்படி இல்லை. நான் பேசிய பிறகு எஞ்சின் சத்தம். அதற்கு நடுவே அவள் உயரமானியின் திருகைத் திருப்புகிற சத்தம். டிக், டிக் என்று ஒவ்வொரு எண்ணாக. மூன்று முறை பின்னால் ஓடவிட்டு எண்ணினேன். இருபத்தெட்டு. 985-லிருந்து 1013 வரைக்கும் சரியாக இருபத்தெட்டு. ஒவ்வொன்றும் தப்பு என்று தெரிந்தே திருப்பியிருக்கிறாள். கடைசியில் "ஆயிரத்துப் பதிமூணு வச்சாச்சு சார்" என்கிறாள்.

நான் "ம்" என்கிறேன். பூனை, அந்த 'ம்'-இல் ஒரு திருப்தி இருக்கிறது. பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். நவம்பரிலேயே இதைக் கேட்டுவிட்டாய். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு நான்கு முறை வந்தாய், காபி குடித்தாய், என் புலம்பலுக்கெல்லாம் "விடுடா" என்று தட்டிக்கொடுத்தாய். அந்தப் பெண் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் காப்பாற்று என்று நான் உன்னிடம் கேட்டேனா? இப்போது பக்கத்தை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, சேர்க்கட்டுமா வேண்டாமா என்று என் தலையில் கட்டுகிறாய். உனக்கு நல்ல பெயரும் வேண்டும், கையில் அழுக்கும் படக்கூடாது. எனக்கு அவள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. நீ எதற்குப் பயந்தாய்?

பக்கத்தைச் சேர். ஒரு சொல்லை மழுப்பாதே, அந்த 'ஏம்மா'வைக்கூட விடாதே. இருபத்தெட்டு டிக்கையும் எழுது, அந்த 'ம்'-ஐயும் எழுது. இதை ஒப்புக்கொள்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட்ட தாள் இதனுடன் இருக்கிறது. நீ மறைத்ததையும் நீயே எழுதிச் சேர். சேர்க்காவிட்டால் குழுவின் முன்னால் நான் சொல்வேன், என் குரல் உனக்குத் தெரியும்.

28-ஆம் தேதி வாசலில் எனக்காக நிற்காதே. இதற்குப் பதிலும் எழுத வேண்டாம். அவளை வேலைக்குத் திரும்ப அழைக்கிற கடிதத்தை எழுது, அதற்குத்தான் நான்கு மாதம் தாமதமாகிவிட்டது.

இப்படிக்கு,
கேப்டன்
(28-ஆம் தேதி வரை)