பதினோராயிரம் கிலோமீட்டர், வெறும் வயிறு

மார்ச் 4, செவ்வாய்

ஆர்டர் வந்துவிட்டது! நான் வளர்க்கும் டிஸ்கஸ் வண்ண மீன்கள் நாற்பது. விமானத்தில் பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்துக்கு. உள்ளூர்க் கடைகளுக்கு வாளியில் தூக்கிக்கொண்டு அலைந்தது போதும்.

மீன் தொட்டிகள் இருக்கும் கொட்டகை மாமனாருடையது. "இது உயிரோட போய்ச் சேரலன்னா மெக்கானிக்குக்கு வாடகைக்கு விட்டுடுவேன். அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது" என்றார். நான் ஏன் சிந்தப் போகிறேன்?

என் வீட்டுக்காரர் யார் பக்கம்? வழக்கம்போல டிவி பக்கம்.

மார்ச் 9, ஞாயிறு

விமானம் பதினாலு மணி நேரத்தில் போய்விடும். என் கணக்கு வேறு. இங்கே காத்திருப்பு, அங்கே சோதனை எல்லாம் சேர்த்தால் ஒன்றரை நாள். அதுவரை பைக்குள் தண்ணீர் கெடக் கூடாது. எனக்குத் தூரம் என்றால் அதுதான்.

இரண்டு மீன்களைப் பட்டினி போட்டு, பையில் ஆக்சிஜன் அடைத்துக் கட்டி, பெட்டிக்குள் இரண்டு நாள் மூடி வைத்திருந்தேன். இன்று பிரித்தால் இரண்டும் ஜம்மென்று நீந்துகின்றன.

மாமா எட்டிப் பார்த்தார். "என்ன, வெளிநாடு போயிட்டு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மாமா. உங்களுக்குத்தான் ஒண்ணும் வாங்கிட்டு வரல."

மார்ச் 12, புதன்

இன்று நடந்ததை எழுதினால்தான் மனசு ஆறும்.

பேக்கிங்குக்காகத் தொட்டியைத் திறந்தால் — தீனி மிதக்குது! நேத்திலேருந்து நான் பட்டினி போட்ட மீனுங்க, வயிறு முட்டத் தின்னுட்டு நிக்குதுங்க. தின்ன மீன் பைக்குள்ளேயே கழியும். அந்தத் தண்ணியே அதுக்கு விஷம். பாதி வழியில மொத்தமும் செத்துடும். "கொட்டகை வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே மாமா!" என்று கத்தியேவிட்டேன்.

அவர் கதவோரம் நின்றார். "அவ்வளவு தூரம் போகுதுங்களேம்மா. வெறும் வயித்தோட எப்படி அனுப்புறது?"

கோபம் பொசுக்கென்று போய்விட்டது. பாவமாக இருந்தது.

இன்றைய விமானம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வாங்குபவரை நானே கூப்பிட்டு, "சனிக்கிழமைதான் அனுப்புவேன். இன்னிக்கு அனுப்பினா உங்களுக்குச் செத்த மீன்தான் கிடைக்கும்" என்றேன். வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று உறுமினார். "சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க. அப்புறம் வேற ஆளைப் பார்க்கவே மாட்டீங்க."

எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்? தெரியவில்லை. நன்றாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

மாமா கொட்டகைப் பக்கமே வரவில்லை.

மார்ச் 15, சனி

அனுப்பியாச்சு. மீன்களும் பட்டினி, நானும் பட்டினி.

மார்ச் 17, திங்கள்

முப்பத்தொன்பது உயிரோடு! ஒன்று போய்விட்டது, அது வருத்தம்தான். ஆனால் அடுத்த ஆர்டர் நூறு. தலைகால் புரியவில்லை. முதலில் மாமாவிடம்தான் ஓடினேன். "ஒண்ணு ஏன் போச்சு?" என்று கேட்டார்.

ஏப்ரல் 2, புதன்

கொட்டகை கேட்டு மெக்கானிக் வந்தார். தகரக் கதவைப் படபடவென்று தட்டினார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"கொட்டகை காலி இல்லப்பா. மெதுவாப் பேசு. நாளைக்கு ஊருக்குப் போகுதுங்க, காலையிலேருந்து பட்டினி."