இறக்கிய கொடி

ஞாயிறு, ஜூன் 1994

கால்பந்து இறுதிப் போட்டியில் நொச்சிக்குப்பத்தை ஆதம்பாக்கம் ஜெயித்ததாம். வெட்கக்கேடு! நொச்சிக்குப்பத்துக்காரர்கள் கடற்கரை மணலில் பழகியவர்கள். வெறுங்காலோடு, பந்தைத் தரையோடு தரையாகத் தட்டிக் கொண்டுபோவார்கள். ஆதம்பாக்கத்தார் ஓங்கி உதைத்துவிட்டுப் பின்னால் ஓடுவார்கள். அதுவும் ஆட்டம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இடைவேளைக்குப் பிறகு பந்தை விட்டுவிட்டுக் காலை மிதித்தார்கள். பூட்ஸால், வேண்டுமென்றே.

நொச்சிக்குப்பம் கேப்டன் அந்தோணியின் கட்டைவிரலை மிதித்துப் பந்தைப் பறித்துத்தான் அந்த ஒரே கோலைப் போட்டார்கள். லைன்ஸ்மேனாக நின்ற எனக்கு இரண்டடி தள்ளி நடந்தது. உடனே கொடியைத் தூக்கினேன். நடுவர் என்னைப் பார்த்தார். விசில் ஊதாமல், இறக்கு என்று கையைக் காட்டினார். மனுஷனா அவர்? பரிசளிப்பில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்!

ஆட்டம் முடிந்ததும் அந்தோணி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி என்னிடம் வந்தான். நடுவரைத் திட்டப்போகிறான், நானும் சேர்ந்து திட்டலாம் என்றிருந்தேன்.

"ரெப்ரி அப்டித்தான், வுடு சார். நீ பாத்தியே. தூக்கின கொடிய இன்னாத்துக்கு சார் எறக்கின?"

சங்கத்துக்குப் புகார் எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். நடுவர் பெயரை எழுதியாயிற்று. அதற்குக் கீழே இன்னொரு பெயரும் வர வேண்டும். பேனா நகரமாட்டேன் என்கிறது.