மானுக்குப் போட்ட சர்க்கரைப் பொங்கல்

இன்று காலை சாப்பாட்டுக் கடையைத் திறந்ததும் அடுக்களையில் புளித்த வாடை. நேற்று மிஞ்சிய சோற்றை யாரோ மூடிவைத்து மறந்துவிட்டார்கள். "கண்ணு எங்க போச்சு உங்களுக்கெல்லாம்?" என்று கத்த வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் புள்ளிமானின் வயிற்றுக்குள் நீ குழாயை விட்டபோது வந்த அதே வாடை. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருச் சந்தடிக்கு நடுவே, வாழையிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன்னை நினைத்து அழுதேன். நீ போய் ஒரு தீபாவளியும் கடந்துவிட்டது, எனக்கு இன்னும் பழகவில்லை.

ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நம் முருகன் கோவிலில், முறையாக அனுமதி வாங்கி மான் வளர்க்கிறோம். நான் கோவில் குழுவில் சண்டை போடுகிறவள். நீ ஞாயிறுதோறும் கிள்ளானிலிருந்து வந்து மான்களைப் பார்த்துவந்த மிருக வைத்தியர். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நமக்குள் எப்படித்தான் ஒத்துப்போனதோ என்று எல்லாருக்கும் அதிசயம்.

வந்ததும் நேராக வேலிக்குப் போவாய். "சாமியை அப்புறம் கும்பிடலாம்லா, முதல்ல புழுக்கையைப் பார்ப்போம்" என்பாய். புழுக்கை உருண்டையாக, தனித்தனியாக இருந்தால் உன் முகம் மலரும். குழைந்து கிடந்தால், "யாரு என்ன போட்டீங்க?" என்று கேட்பாய். கொம்பு முற்றிய ஆண்மான்களைத் தனியாக அடைக்க வேண்டும் என்று நீ சொன்னபோது, ஜோடியைப் பிரிப்பது பாவம் என்றார் தலைவர். "ஒண்ணை ஒண்ணு குத்திக் கிழிச்சா அது புண்ணியமா, அங்கிள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். மறுவாரமே தடுப்பு வந்துவிட்டது. நான் கேட்டிருந்தால் கூட்டமே கலைந்திருக்கும்.

வாழைப்பழம், வடை, கேசரி என்று ஆளாளுக்கு நீட்டியதைத்தான் உன்னாலும் நிறுத்த முடியவில்லை. வள்ளியைப் பெற்றது மான், அதற்கு வெறுங்கையோடா போவது என்பார்கள். "மான் வயித்துக்குள்ள இருக்கிற கிருமிங்கதான் இலையைச் செரிக்க வைக்குது. அங்க சோறும் வெல்லமும் போனா எல்லாம் புளிச்சுப் போயிடும்" என்று நீ சொல்லிச் சொல்லி ஓய்ந்தாய்.

புஷ்பா ஆன்டியின் மகன் மோட்டார் விபத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்து நடந்தான். அந்த வேண்டுதலுக்காக அவர் வெள்ளிக்கிழமைதோறும் சர்க்கரைப் பொங்கல் செய்துகொண்டு வருவார். நாங்கள் அறிவிப்புப் பலகை வைத்துத் தடுத்தும், பின்பக்க வேலி வழியாக மான்களுக்கு அள்ளி வைத்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை, சினையாக இருந்த மான் பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தது.

நான் போன் போட்டதும் நீ வந்தாய். அதற்குள் மான் தட்டுத்தடுமாறி எழுந்துவிட, ஆண்பிள்ளைகள் கயிற்றோடு ஓடினார்கள். "யாரும் ஓடாதீங்க! துரத்தினா பயத்துலயே செத்துடும்!" என்று அதட்டினாய். உன் வாழ்நாளில் நீ அதட்டி நான் கேட்டது அன்று மட்டும்தான். அது மறுபடி சரிந்து படுக்கும்வரை காத்திருந்து, என் துப்பட்டாவை உருவி அதன் கண்களைக் கட்டினாய். உடம்பின் நடுக்கம் மெல்ல அடங்கியது. குழாய் வழியே புளித்த பொங்கல் வந்தது. சோடா மாவைக் கரைத்து ஊற்றினாய். உனக்குத் தெரிந்த எல்லாம் செய்தாய். பொழுது சாய்வதற்குள் தாயும் குட்டியும் சேர்ந்தே போய்விட்டன.

புஷ்பா ஆன்டி ஓடி வந்து, "என்னாச்சு டாக்டரம்மா?" என்று கேட்டார். சுற்றிலும் கூட்டம். "ஏன் ஆன்டி, உங்க…" என்று நான் ஆரம்பித்ததும் என் கையைக் கிள்ளினாய். "வயித்துக் கோளாறு ஆன்டி. இனிமே சோறு வேணாம், பலா இலை கொண்டாங்க. முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றாய்.

கிள்ளான் வரும்வரை காரில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். "ரெண்டு உசிரு போயிருக்கு, நீ பூசி மெழுகுறே! பயந்தாங்கொள்ளி!" நீ சாலையைப் பார்த்தபடி, "விடுலா" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகும் எத்தனை முறை அதைச் சொல்லிக் காட்டியிருப்பேன்!

இப்போது பிறந்தநாள் என்றாலும் கல்யாண நாள் என்றாலும் சனங்கள் பலா இலைக் கட்டோடுதான் வருகிறார்கள். புழுக்கை நன்றாக இருக்கிறது. நானே குனிந்து பார்க்கிறேன், சிரிக்காதே.

போன வெள்ளிக்கிழமை புஷ்பா ஆன்டி வேலியோரம் இலை கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், "மான் செத்த மறுநாளே டாக்டரம்மா என் வீட்டுக்கு வந்துட்டாங்கம்மா, உனக்குத் தெரியாதா?" என்றார். "'ஆன்டி, அந்த மான் உங்க பொங்கலாலதான் செத்துச்சு'ன்னு நேராவே சொல்லிட்டாங்க. எனக்கு உசிரே போச்சு. அழுது ஓயிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அப்புறம் ரெண்டு பேருமா பின்னாடி மரத்துல இலை ஒடிச்சோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நாலு பேரு முன்னால சொல்லியிருந்தா நான் அப்புறம் கோவிலுக்கே வந்திருக்க மாட்டேன்மா."

அடிப்பாவி! நான் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னபோதெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்தாயே! அவர் அழுததை என்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்று நினைத்தாயா? எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. மன்னிப்புக் கேட்கவும் நீ இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக வந்த ஒருவர் வேலி வழியே ரொட்டியை ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. கிட்டப் போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "தம்பி, ரொட்டி மானுக்கு ஆகாது. நிறையத் தின்னா செத்தே போயிடும்" என்றேன். மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. "நல்லதுன்னு நெனச்சுத்தான் அக்கா…" என்று இழுத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்துவிடுவதுதான் என் வழக்கம், உனக்குத் தெரியும். அன்று வரவில்லை. அவர் முகம் தெளியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.