செல்வத்தின் பெயரில் நான் எழுதிய வரிகள்

பிரியமுள்ள செல்வம்,

நீ போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்று சொல்ல இதுவரை எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. இறந்தவனைப் பற்றி யாரிடம் குறை சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

மாமல்லபுரத்தில், சிற்பக்கூடத்துக்குப் பின்னால் இருந்த உன் ஒலிப்பதிவு அறைக்கு நான் முதலில் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். நாடகங்களுக்கு ஒலி சேர்க்கும் மென்பொருளை விலைக்கு வாங்க உன்னால் முடியவில்லை. நாமே எழுதலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்றாய். சனிக்கிழமைதோறும் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தேன். கணினியில் நான் உண்டாக்கிய முதல் அலையோசையைக் கேட்டு, கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த நீ சிரித்தாய்.

"இன்னா அக்கா இது? கடலு இப்டியா கத்தும்? குக்கர் விசிலு மாரி கீது!"

அரசு வேலையில் இருந்ததால் என் பெயரில் எதையும் வெளியிடத் தயங்கினேன். "என் பேர்ல போட்டுக்கினு போலாம் அக்கா. நமக்குள்ள இன்னா?" என்றாய். அன்று முதல் நான் எழுதிய ஒவ்வொரு நிரல் வரியும் உன் பெயரில்தான் ஏறியது. பிறகு ஒலிகளைப் பகிர ஓர் இணையதளமும் சேர்த்தோம். அதில் யார் உள்ளே வரலாம், வந்தவர் எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கும் பகுதி முழுக்க என்னுடையது. உலகத்துக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும்.

உன் காரியம் முடிந்த வாரம், ஒரு பிழையைத் திருத்த உள்ளே நுழைந்தேன். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவளே நான்தான்.

உன் மனைவி வள்ளியிடம் கேட்டேன். திகைத்துப் போனாள்.

"எல்லாத்தையும் ஒரு கம்பெனிக்கு வித்துக் குட்த்தாச்சே அக்கா. இனிமே காசு கட்னாதான் தொறக்குமாம். உங்களாண்ட கேட்டுட்டேன், நீங்க சரின்னுட்டீங்கன்னு அவரு சொன்னாரே?"

"ஆமாம், மறந்துட்டேன்" என்றேன். துக்கத்தில் இருப்பவளிடம் வேறென்ன சொல்ல?

பலர் சேர்ந்து எழுதியதைப் பூட்டி விற்க அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும். நம்முடையதை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் உண்டு. எழுதிச் சேர்த்தவர்கள் இல்லை. இருந்தது உன் பெயர் மட்டும். அது போதும் என்பதை நீ எப்போது கவனித்தாய்? ஆஸ்பத்திரிக்கு அலைந்தபோதா, அதற்கும் முன்னாலா? கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லையா?

ஒன்றை நீ யோசிக்கவில்லை. ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்த பதிப்பை யாராலும் திரும்பப் பறிக்க முடியாது. அது என் கணினியில் இருக்கிறது. அலுவலகத்தில் அனுமதி கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இந்த முறை என் பெயரில் வெளியிடப் போகிறேன்.

நேற்று வள்ளியிடம் நீ என்னைக் கேட்கவே இல்லை என்ற உண்மையையும் என் முடிவையும் சொன்னேன். அவள் கேட்டாள்:

"அப்போ அவரு பேரை எட்த்துடுவீங்களா அக்கா? எங்க பொண்ணு நாளைக்கு அப்பா பேரைத் தேடிப் பாக்குமே."

எடுக்க மாட்டேன், செல்வம். இது வள்ளிக்கும் உனக்கும் நான் தரும் வாக்கு. வரிவரியாகப் பிரிப்பேன். நீ எழுதியது உன் பெயரில் இருக்கும், ஒன்றுகூடக் குறையாது. நான் எழுதியதில் ஒன்றுகூட இனி உன் பெயரில் இருக்காது.

நீ கேட்காமல் விட்ட உன் அக்கா,
சுமதி