அண்டாவில் போன இட்லிப்பூச் செடி

கோவில்பட்டி,
28.8.2024

பிரியமுள்ள முத்துச்செல்வி மதினிக்கு, ஆறுமுகத்தாய் எழுதுவது.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். ஆடிக்கு வனிதாவை அங்கே கொண்டுபோய் விட்ட சமயம் நாம் இருவரும் போனில் பேசிப் பேசி, ஒன்றுமில்லாததற்குச் சண்டையாகி, “இனிமே ரெண்டு அம்மாவும் போன்ல பேசக்கூடாது” என்று உங்கள் மகளும் என் மகன் முருகனும் சேர்ந்து சத்தியம் வாங்கினார்கள் அல்லவா? சத்தியம் போனுக்குத்தான். தபாலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விஷயம் என்னவென்றால் செடி. புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு நீங்கள் சீர்த்தட்டோடு கொண்டுவந்தீர்களே இட்லிப்பூச் செடி, அதை வனிதா வாசலில் நான் வைத்த காகிதப்பூவுக்கு ஒட்டினாற்போல ஒரே குழியில் வைத்துவிட்டாள். அவள் இருந்தவரைக்கும் எப்படிச் சமாளித்தாளோ, இப்போது எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் விட்டால் காகிதப்பூ இலையாகத் தள்ளுகிறது, பூவைக் காணோம். தண்ணீரை நிறுத்தினால் காகிதப்பூ குப்பென்று பூக்கிறது, இட்லிப்பூ நுனி கருகுகிறது. இலையெல்லாம் மஞ்சள். நர்சரிக்காரர், “கரிசல்ல சுண்ணாம்பு சாஸ்திக்கா, இட்லிப்பூ வெளுக்கத்தான் செய்யும்” என்கிறார். பக்கத்து வீட்டு ராஜமணி சார் போர்த்தண்ணீர் உப்பு என்கிறார். எங்கள் வீட்டுக்காரரோ, “ரெண்டையும் பிடுங்கிட்டு சிமெண்ட்டப் பூசிருவோம்” என்கிறார். யார் பேச்சைக் கேட்க? எது இந்த வாசலுக்குத் தோது, நீங்களே சொல்லுங்கள்.

ஆவணி பிறந்துவிட்டது. வனிதா எப்போது வருகிறாள்? முருகனிடம் கேட்டால், “அவகிட்டயே கேளு” என்று மில்லுக்குக் கிளம்பிவிடுகிறான். மாப்பிள்ளை வந்து கூட்டிப்போக வேண்டுமா, பெண் வீட்டார் கொண்டுவந்து விட வேண்டுமா? இந்தத் தெருவிலேயே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அண்ணாச்சிக்கு என் வணக்கம்.

உங்கள் மதினி
ஆறுமுகத்தாய்

*

சாத்தான்குளம்,
3.9.2024

அன்பு மதினிக்கு முத்துச்செல்வி எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. தபால்காரர், “ஒங்களுக்குத்தான் அக்கா, பேங்க் நோட்டீஸ் இல்ல” என்று ஆச்சரியப்பட்டுப் போனார்.

செடி விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். காகிதப்பூ பார்க்கத்தான் அழகு. சாமிக்கு வைக்க முடியுமா, தலைக்கு வைக்க முடியுமா? போகிற வருகிறவர் சேலையை இழுத்துக் கிழிக்கும். வாசலில் முள் வைப்பார்களா மதினி? இட்லிப்பூ அப்படியா! பிள்ளையார் சதுர்த்தி வருகிறது, கொத்தோடு ஒடித்து வைத்தால் போதும். வருஷம் முழுக்கப் பூக்கும். ஆனால் அதற்குத் தினம் ஒரு ஆள் நின்று தண்ணீர் விட வேண்டும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் காகிதப்பூ கோபித்துக்கொள்ளாது. இங்கே எங்கள் செம்மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் இட்லிப்பூவுக்குத் தாய் வீடு மாதிரி. அங்கே கரிசலில் என்ன செய்யும், பாவம்.

வனிதாவிடம் கேட்டால், “அவியகிட்ட கேளுங்க” என்கிறாள். நீங்கள் அங்கே கேட்டால் மாப்பிள்ளை இவளிடம் கேட்கச் சொல்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவதுதான் முறை. வெறுங்கையோடு வந்தாலும் போதும். பஸ் சத்தம் கேட்டால் இவள் ஜன்னலுக்குப் போகிறாள், பிறகு போகாத மாதிரி இருக்கிறாள். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

அன்புடன்
முத்துச்செல்வி

*

கோவில்பட்டி,
11.9.2024

பிரியமுள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. தாய் வீடு மாதிரி என்று எழுதியிருந்தீர்களே, செடி கொஞ்ச நாள் அங்கேயே இருந்து தேறட்டும். ஐப்பசி மழைக்கு இங்கே தனிக்குழி வெட்டி, செம்மண் அடித்து வைத்துக்கொள்ளலாம். என் தம்பி சுடலைமணி லோடு ஆட்டோவில் முருங்கைக்காய் ஏற்ற உங்கள் ஊருக்கு வருகிறான். அவனிடம் கொடுத்துவிட்டேன்.

வேரோடு மண்கட்டி பெரிதாக வந்துவிட்டது. பிளாஸ்டிக் வாளியில் வைத்தேன், கைப்பிடி பிய்ந்துவிட்டது. கெட்டியான பாத்திரம் வேறு எது இருக்கிறது? நீங்கள் வனிதாவுக்குத் தந்த பித்தளை அண்டாவில்தான் இறக்கி வைத்தேன், அலுங்காமல் வரும். கடிதத்தையும் கையில் கொடுக்க நினைத்தேன். அவன் இருட்டோடு கிளம்பிவிட்டான். அதனால் தபாலில் போடுகிறேன். அவனுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்திருப்பீர்கள், வேண்டாம் என்றிருப்பான்.

ஆறுமுகத்தாய்

*

சாத்தான்குளம்,
11.9.2024

ஆறுமுகத்தாய் அம்மாளுக்கு,

மதினி என்று எழுதக் கை வரவில்லை.

காலையில் உங்கள் தம்பி வந்தார். நான் தந்த செடியை, நான் தந்த அண்டாவில் வைத்து, வாசலில் இறக்கினார். “அக்கா குடுத்துவிட்டா” என்ற ஒரு சொல்லோடு சரி. காப்பிகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். எதிர்வீட்டு மாரிசெல்வி கோலப்பொடியைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தாள். “என்னக்கா, சீரு திரும்பி வருது?” என்று கேட்டாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

சீர் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறவைத் தீர்த்துவிடுவதாக இருந்தால் நான்கு பெரியவர்களை வைத்துப் பேசியிருக்கலாமே. ஒரு செடியைச் சாக்காக வைத்தா அனுப்புவது? வனிதா அண்டாவைப் பார்த்தாள். உள்ளே போய்ப் படுத்தவள் இன்னும் சாப்பிடவில்லை. என் பிள்ளை உங்களுக்கு என்ன குறை வைத்தாள்?

முத்துச்செல்வி

*

சாத்தான்குளம்,
14.9.2024

மதினிக்கு,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. வாளிக் கைப்பிடி பிய்ந்த இடத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், அப்புறம் அழுதேன். முந்தி எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆனாலும் மதினி, உலகத்தில் யாராவது சீர் அண்டாவில் செடியை வைத்து அனுப்புவார்களா! உங்களைக் கட்டிக்கொண்டு அழுவதா, அடிப்பதா?

வனிதாவிடம் படிக்கக் கொடுத்தேன். நீங்கள் எழுதியதையெல்லாம் முதலிலிருந்து வாங்கிப் படித்தாள். பிறகு சொன்னாள்: “அம்மா, அத்தை ஒரு செடிக்கு இவ்வளவு எழுதியிருக்காவ. அவிய என்னப் பத்திக் கேட்டதா இதுல ஒரு வரி இருக்கா, பாருங்க.”

நானும் பார்த்தேன். இல்லை.

அப்புறம்தான் வாயைத் திறந்தாள். ஆடிக்கு இங்கே விட வந்த அன்று, “எப்ப கூப்பிட வருவீய?” என்று கேட்டிருக்கிறாள். அதற்கு மாப்பிள்ளை, “அம்மா பாத்த பொண்ணுன்னு கட்டினேன். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல வனிதா” என்றாராம். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாராம். அத்தைக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார் என்று இவள் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நீங்கள் வந்து கூப்பிட்டால் இவள் வந்துவிடுவாள் மதினி. உங்கள் மேல் அவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாள். அனுப்பட்டுமா, வேண்டாமா? அனுப்பினால் பாவமா, நிறுத்தினால் பாவமா? எனக்குப் புத்தி ஓடவில்லை. நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

முத்துச்செல்வி

*

கோவில்பட்டி,
17.9.2024

மதினிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தில் எனக்கு வேண்டியது இருந்தது, கிழிக்கவில்லை. என் கூறுகெட்டதனத்துக்கு அந்தப் பேச்சு வாங்கினால் தகும். நாளெல்லாம் செடி, மண், உப்புத்தண்ணீர் என்று அலைந்தேனே தவிர, என் வீட்டுக்குள் இருக்கிறவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நேற்று முருகன் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். “ஏலே, வனிதாவக் கூட்டிட்டு வரணுமா, வேண்டாமா?” தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒனக்கு வேணும்னா கூட்டிட்டு வாம்மா” என்றான். “எனக்கு வேணும்னாவா? கட்டினது நீயா, நானா?” என்று கத்தினேன். “நீதான சொன்ன, கட்டிக்கிட்டேன். இப்பவும் நீ சொன்னா இருக்கேன்” என்றான். வேறு யாரையும் மனதில் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்கிறான். குடியா, கடனா, அதுவும் இல்லை. பின்னே என்னடா என்றால், “தெரியலம்மா” என்கிறான். அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றுகிறது. நான் பெற்ற பிள்ளைதானா என்று குழம்பிப்போனேன். தோசை கருகியது, எடுக்கவில்லை.

எனக்கு வேணும் மதினி. சத்தியமாக வேணும். அவள் இருந்தால் இந்த வீட்டில் பேச்சு இருக்கும். தண்ணி லாரி வந்தால் எனக்கு முன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், சீரியல்காரியைத் திட்ட எனக்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்கும். நான் வா என்று ஒரு சொல் சொன்னால் வந்து நிற்பாள் என்று நீங்கள் எழுதியதை எத்தனை தரம் படித்தேனோ. ஆசையாக இருந்தது. அப்புறம் பயமாக இருந்தது. எனக்காக வந்து, எனக்காக இருந்து, நான் போன பிறகு அவள் யாருக்காக இருப்பாள்?

அதனால் மாமியார்க்காரி நான் என் கையாலேயே எழுதுகிறேன். வனிதாவை அனுப்பாதீர்கள். நான் கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள். என் மனசு நிலையில்லாதது, நாளைக்கே கூப்பிடுவேன். நீங்கள் உறுதியாக இருங்கள். பெரியவர்கள் கேட்டால் குறை எங்கள் பக்கம்தான் என்று நானே சபையில் சொல்கிறேன்.

அவளைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அவளைக் கூப்பிட இல்லை, பார்க்க மட்டும். என்ன முறை சொல்லிக்கொண்டு உங்கள் வாசல் ஏறுவது என்று தெரியவில்லை. மாரிசெல்வி கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதுவும் தெரியவில்லை. வரவேண்டாம் என்று நினைத்தால் எழுதுங்கள். உங்கள் கடிதம் இங்கே வந்து சேர்வதற்குள் நான் அங்கே வந்துவிடுவேன்.

ஆறுமுகத்தாய்